தூக்கினால் தொலைந்தீர்கள்!

1

போன் அலறியது!

வின்சென்ற் ஃபோர்க்லிஃப்டை நிறுத்தினார். தலைக்கு மேலே மூன்றாவது தட்டில் ஒரு டன் நாய்ச் சாப்பாட்டு டின்கள் ஆடிக்கொண்டு நின்றன. ஓக்லண்டின் விரி என்ற பகுதியில் இருக்கும் அந்தக் கிடங்கில் வண்டியில் இருந்துகொண்டு போன் எடுத்தால் வேலை போய்விடும்.

ஆனால் விடாமல் அடிக்கிறதே...

திரையில் நம்பர் இல்லை.

"ஹலோ?"

"உங்கட கால்சட்டைக்குள்ள இருக்கிற விஷயம் எனக்குத் தெரியும்!"

தகர டின்னுக்குள் தலையை விட்டுக் கதைப்பது போல ஓர் ஆண் குரல்.

வின்சென்றின் உள்ளங்கை வேர்த்தது. நியூசிலாந்தின் ஓகஸ்ட் மாதக் குளிரில்!

"ஆர்... ஆர் கதைக்கிறது?"

"அது தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மடு மாதா திருநாள். சுரூபம் தூக்கேக்க நீங்கள் தண்டில கை வைக்கக் கூடாது."

"என்ன?!"

"தூக்கினீங்களோ... துலைஞ்சீங்கள்! டொக்டர் உள்ளுக்கு வச்சுத் தைச்சதை மைக்கில சொல்லுவன். முழுச் சனத்துக்கும் சொல்லுவன்!"

"டேய்! நீ ஆம்பிளையெண்டா என்ர பேரைச் சொல்லிக் கதையடா!"

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம்.

"அதெல்லாம் சொல்ல ஏலாது!"

டொக்!

வின்சென்ற் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஐம்பத்தெட்டு வயது. மன்னாரில் மீசை முளைக்க முதலே கருவாட்டு மூட்டை சுமந்த முதுகு. ஓக்லண்டுக்கு வந்து சீமெந்து சுமந்தது, இறைச்சி சுமந்தது, பிறர் வீட்டுப் பியானோ சுமந்தது. அந்த உடம்பு ஒரு நாளும் அவரைக் கைவிட்டதில்லை.

சீனி வியாதி வரும்வரை!

முதலில் கால்விரல் மரத்தது. பிறகு கண் மங்கியது. பிறகு... அது.

மாத்திரை போட்டுப் பார்த்தார். தலையிடிதான் வந்தது. வேறு ஒன்றும் எழும்பவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு காலை, மனைவி சறோஜா தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "எனக்கு நித்திரை காணாது" என்றாள். மகள் தர்சிகா வெலிங்டனுக்கு வேலைக்குப் போனதால் காலியாகக் கிடந்த அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

அவள் விளக்கவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தனக்குத் தெரியாத காரணமா!

அந்தத் தலையணை திரும்பி வரவேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் மூன்று கிழமைக்கு முன்பு, வேலைப் பொடியன்களோடு டவுப்போ ஏரிக்கு மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் போய்ப் படுத்தார். வெட்டினார்கள். வைத்தார்கள். தைத்தார்கள்.

அது உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவன் பெயர் கோதண்டராமன்!

2

"சத்தியமா நான் இல்லண்ணே!"

கிளென்ஃபீல்ட் மால் கார் பார்க். கோதண்டராமனின் கையில் இருந்த காப்பி, சட்டையில் கொட்டியது. வின்சென்ற் அவன் கொலரைப் பிடித்திருந்தார்.

ஒரு காலத்தில் அதே கிடங்கில் பெட்டி ஒட்டியவன். இப்போது ஈஸ்ட் டாமாக்கியில் கம்ப்யூட்டர் வேலை. தமிழ்நாட்டுக்காரன். வின்சென்றின் தேவாலயத்துப் பக்கமே வராதவன். அதற்காகவே வின்சென்ற் அவனைத் துணைக்குக் கூட்டிப்போனார்.

"உனக்கும் எனக்கும் டொக்டருக்கும் தவிர ஆருக்கடா தெரியும்?"

"உங்க மாதாவை நீங்க தூக்கினா எனக்கென்னண்ணே? நான் முருகன் கோயிலுக்கே பொங்கல் வாங்கத்தான் போறேன்!"

வின்சென்ற் கொலரை விட்டார். வார்த்தையில் நியாயம் இருந்தது.

"ஆனா ஒண்ணு சொல்றேன். மிரட்டுறவன் சொல்றதுல என்ன தப்பு? ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா, இல்லியா?"

"சொன்னவர்."

"நான்தானே பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொன்னேன்? சுகர் ஜாஸ்தின்னா சீழ் பிடிக்கும், பிடிச்சா மொத்தத்தையும் கழட்டி எடுக்கணும்னாரு. நீங்க, 'யெஸ் டாக்டர்'. சில பேருக்குத் தானாவே வீங்கிக்கும்னாரு. 'யெஸ் டாக்டர்'. ரிப்பேர் ஆனா மறுபடி வெட்டணும், கடவுள் குடுத்தது இனி திரும்பி வராதுன்னாரு. அதுக்கும், 'யெஸ் டாக்டர்'! கல்யாணத்துல கூட நீங்க இவ்ளோ சம்மதம் சொல்லியிருக்க மாட்டீங்க!"

"எனக்கு அந்த மெசின் விளங்கினது தம்பி. எங்கட ஃபோர்க்லிஃப்ட்தான்! வயித்துக்குள்ள தண்ணி டாங்க். கீழ பைக்குள்ள ஒரு பம்ப். ரெண்டு சிலிண்டர். பம்பை அமத்தினா ஏறும்."

"எப்படி இறக்குறது?"

வின்சென்ற் தலையைச் சொறிந்தார்.

"அது... ஆறாம் கிழமைதான் சொல்லித் தருவினமாம்."

"அப்ப லைசென்ஸ் இல்லாம வண்டிய எடுத்துட்டீங்க!"

"பகிடி விடாத. எனக்கு ஈரல் கருகுது."

"ஹெர்னியா ஆபரேஷன்னு சொல்லி ஒதுங்கிடுங்களேன். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"உனக்கு எங்கட சனத்தைத் தெரியாது!" வின்சென்ற் குரலைத் தாழ்த்தினார். "ஹேர்னியா எண்டா அடுத்த நாளே வருத்தம் பாக்க வந்து நிப்பினம். ஹோர்லிக்ஸ், முட்டைக்கோப்பி, கோழி சூப். வந்தவன் சும்மா போகமாட்டான். தழும்பைப் பாத்திட்டுத்தான் போவான். மேர்வினுக்கு ரெண்டு பக்கமும் ஹேர்னியா வெட்டினது. தழும்பு எந்த இடத்தில இருக்கவேணுமெண்டு அவனுக்குத் தெரியும்!"

"மேர்வின் யாருண்ணே?"

"சுரூபத்தில பின் தண்டு பிடிக்கிறவன். எட்டு வருஷமா முன் தண்டுக்கு அலையிறான். நான் விலகினாத்தான் அவனுக்கு..."

வின்சென்ற் நிறுத்தினார்.

கோதண்டராமன் நிமிர்ந்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அண்ணே... மோட்டிவ்!"

3

சனிக்கிழமை. விளக்குப் போடும் நேரம்.

சறோஜா புட்டும் முட்டைக் குழம்பும் வைத்தாள். துப்புரவுக் கொம்பனியில் வேலை அவளுக்கு. இன்றைக்கு வங்கி, நாளைக்குப் பள்ளிக்கூடம் என்று கொம்பனி அனுப்பும் இடமெல்லாம் மொப்போடு போவாள். வீட்டில் அதிகம் பேசமாட்டாள்.

"நாளைக்குத் தூக்கத்தான் போறீங்களோ?"

"ஏன் கேக்கிறாய்?"

"முதுகு பிடிச்சிருக்கெண்டு சொன்னீங்கள். கால் ரெண்டையும் அகட்டி அகட்டி நடக்கிறீங்கள். முதுகு பிடிச்சா ஆரும் அப்பிடி நடக்கிறேல்லை."

"மாதாவைத் தூக்காமல் நிண்டால் சனம் என்ன நினைக்கும்?"

"ஓம். சனம்தானே முக்கியம்." அவள் கூடையை எடுத்தாள். "மழை வரப்போகுது. கொடியில உடுப்புக் கிடக்கு."

பின்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

வின்சென்ற் குளிர்பெட்டியைத் திறந்தார். கருப்பட்டி ஊற்றிய வட்டிலப்பம்! ஏற்கெனவே ஒரு துண்டு உள்ளே போயிருந்தது. இன்னொன்றை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்...

போன்!

"அந்த ரெண்டாவது துண்டை வையுங்கோ!"

வின்சென்றின் கை அந்தரத்தில் உறைந்தது.

"நீ... நீ எங்க நிக்கிறாய்?"

"உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். குளிர்பெட்டியைச் சாத்துங்கோ. கரண்ட் வீணாப் போகுது."

சாத்தினார். கை தானாகவே சாத்தியது.

"அன்ரிபயோட்டிக் முழுக்கப் போட்டு முடிச்சீங்களோ? புண் சிவந்திருக்கோ? காய்ச்சல் காயுதோ?"

"என்னடா கள்ளன் நீ! மிரட்ட வந்தனியோ, மருந்து குடுக்க வந்தனியோ?"

"கேட்டதுக்குப் பதில்!"

"முடிச்சிட்டன்... காய்ச்சல் இல்லை..."

"நல்லம். நாளைக்குத் தண்டில கை வச்சீங்களோ... பிறகு மாதாவே வந்தாலும் உங்களைக் காப்பாத்த ஏலாது!"

"டேய் மேர்வின்! நீதானேயடா? முன் தண்டு உனக்குக் கிடைக்காது! என்ர சவத்துக்கு மேலாலதான் நீ அதைத் தூக்குவாய்!"

குரல் ஒரு பெருமூச்சு விட்டது. டின்னுக்குள் புயல் அடித்தது போல இருந்தது.

டொக்!

பின்கதவு திறந்தது. வின்சென்ற் புட்டுக்குழலைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

சறோஜா கூடையோடு நின்றாள்.

"தோட்டத்துக்குள்ள ஆரையும் கண்டனியோ?"

"ஒருத்தரையும் காணேல்லை. ஏன் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு? சுகர் ஏறிப்போச்சோ?"

4

தேவாலய வளவு முழுக்கச் சனம். தூறல். குடைகளுக்கு நடுவே மடு மாதா நீலப் பூக்களோடு நின்றாள். சுரூபத்துக்குக் கீழே நான்கு மரத் தண்டுகள்.

வின்சென்ற் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கால்சட்டை போட முடியாத நிலைமை.

"அண்ணை, முகம் வெளிறிப் போய்க் கிடக்கு." மேர்வின் சிரித்துக்கொண்டே வந்தான். "முன் தண்டை நான் பிடிக்கட்டோ?"

"மைக்குக்குக் கிட்டப் போனியெண்டா கையை முறிப்பன்!"

"எந்த மைக்?"

"நடிக்காதயடா!"

மேர்வின் விழித்தான். நன்றாகத்தான் நடிக்கிறான் என்று வின்சென்ற் நினைத்தார்.

மணி அடித்தது. பீடத்தின் பக்கம் சறோஜா நிற்பது தெரிந்தது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றா? கவனம் என்றா?

அவள் முன்னால் எதையும் தூக்க முடியாதவனாக நிற்பதா? இன்னொரு தடவையா?

வின்சென்ற் குனிந்தார். தோளைக் கொடுத்தார்.

"மரியே... வாழ்க!"

நான்கு தோள்கள் ஒன்றாக எழும்பின. வின்சென்றின் வயிறு இறுகியது. வயிற்றுக்குள் இருந்த டாங்க் நசுங்கியது. தண்ணீர் போக இடம் தேடியது...

கண்டுபிடித்தது!

"ஐயோ..."

ஒருத்தரும் பம்பை அமத்தவில்லை. ஒருத்தரும் லீவரைத் தொடவில்லை. ஆனால் ஏறியது! நிற்காமல் ஏறியது!

இரண்டு கையும் தண்டில். மறைக்க மூன்றாவது கை இல்லை. வின்சென்ற் இடுப்பைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்கு வளைந்தார். சுரூபம் சரிந்தது.

"நிமிருங்கோ அண்ணை!" பின்னாலிருந்து மேர்வின் கத்தினான்.

"ஏலாதடா!"

"ஏன் ஏலாது? நிமிருங்கோ!"

"இதுக்கு மேல நிமிர ஒண்டும் மிச்சமில்லையடா!"

அடுத்த அடியில் தையலுக்குள் கத்தி இறங்கியது போல ஒரு வலி. கண் இருண்டது. முழங்கால் மடிந்தது.

"வீஈஈல்!"

சனம் அலறியது. மேர்வின் பாய்ந்து வந்து முன் தண்டுக்குத் தோள் கொடுத்தான். மாதா தப்பினாள். வின்சென்ற் ஈரப் புல்லில் பிணம் போலக் குப்புற விழுந்தார்.

"மாரடைப்பு!" யாரோ கத்தினார்கள். "பங்குச் சுவாமியைக் கூப்பிடுங்கோ! கடைசி எண்ணெய் பூசச் சொல்லுங்கோ!"

"தள்ளுங்கோ, தள்ளுங்கோ! நான் முதலுதவி படிச்சனான்!" தண்டை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு மேர்வின் ஓடிவந்தான். "ஆளைப் பிரட்டுங்கோ! வேட்டியை இளக்குங்கோ!"

வின்சென்றுக்கு நினைவு இருந்தது. நாக்குத்தான் எழும்பவில்லை. எழும்பவேண்டியது எது, வேண்டாதது எது என்று அந்த உடம்புக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

மேர்வினின் விரல் வேட்டி முடிச்சில் பட்டது...

முடிந்தது கதை! ஓக்லண்டில் இருக்கிற அத்தனை தமிழ்ச் சனமும் பார்க்கப் போகிறது...

"கையை எடு மேர்வின்!"

சறோஜா! குடையை ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, மூச்சு விட இடம் வேணும்..."

"அவர் மூச்சு விடுறது அதால இல்லை! ஒருத்தரும் தொடக் கூடாது!" குளிர்க்கோட்டைக் கழற்றி அவர் இடுப்பில் போட்டாள். "அவருக்கு ஹேர்னியா!"

"ஹேர்னியாவோ? எந்தப் பக்கம்? நான் தழும்பைப் பாத்தா..."

"உன்னட்ட ரெண்டு தழும்பு இருக்குத்தானே? வீட்ட போய் அதைப் பார்!"

அம்புலன்ஸ் வந்தது. கதவைச் சாத்தினார்கள். உள்ளே வந்த பச்சைச் சட்டைக்காரப் பெண்ணிடம் சறோஜா குனிந்து, மொப் வேலையில் பழகிய தன் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்:

"நொட் ஹார்ட். இம்ப்ளான்ட். பம்ப் டைப். த்ரீ வீக்ஸ். டயபெட்டிக் ஆல்சோ."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த வின்சென்றுக்கு அப்போதுதான் உண்மையான மாரடைப்பு வரப் பார்த்தது!

5

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் வந்து எங்கேயோ ஓரிடத்தை அமத்திப் பிடித்தார். எல்லாம் இறங்கியது. தையலில் ஒரு மூலை பிரிந்திருந்தது. சீழ் இல்லை. இனிப் பிடித்தால் மொத்தத்தையும் கழற்ற வேண்டும் என்றார். ஆறு கிழமையை முதலில் இருந்து எண்ணச் சொன்னார்.

"யெஸ் டொக்டர்" என்றார் வின்சென்ற்.

"இந்த முறை நான் எண்ணுவன்" என்றாள் சறோஜா.

டொக்டர் போனார். வின்சென்ற் சீலிங்கைப் பார்த்தார்.

"அந்த மேர்வின் உனக்கும் போன் எடுத்தவனோ?"

"எந்தப் போன்?"

"என்னை மிரட்டினவன் சறோ! குரலை மாத்திக் கதைச்சவன். அவனை நான் சும்மா விடமாட்டன். பொலிசுக்குப் போவன்!"

சறோஜா கைப்பையைத் திறந்தாள். போனை எடுத்தாள். எதையோ தட்டினாள். வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

தகர டின்னுக்குள் இருந்து அந்தக் குரல் வந்தது!

"இஞ்சருங்கோ... பொலிசுக்குப் போகேக்க வட்டிலப்பமும் கொண்டு போவீங்களோ?"

வின்சென்ற் எழும்பப் பார்த்தார். தையல் விடவில்லை.

"நீயோ?!"

"குரல் மாத்திற இந்தச் சாமானைத் தர்சிகாதான் போனில போட்டுத் தந்தவள். சேர்ச் நாடகத்துக்கெண்டு கேட்டனான்."

"என்ர பேரைச் சொல்லடா எண்டு கேக்க..."

"முப்பது வருஷமாச் சொல்லாத பேரை மிரட்டுறதுக்காகச் சொல்லுவனோ? எனக்கு வாய் வராது!"

"உனக்கு... எப்பிடித் தெரியும்?"

"அண்டைக்குக் கொம்பனி என்னைப் பாலத்துக்கு அங்கால ஒரு கிளினிக்குக்கு அனுப்பினவங்கள். மத்தியானம். மொப் பண்ணிக்கொண்டு போறன்... ஒரு கதவுக்குப் பின்னால லொறி ஏத்தம் ஏறுது! அந்தச் சத்தம் உலகத்தில ஒரு மூக்குக்குத்தான் இருக்கு. எட்டிப் பாத்தா, டவுப்போவில மீன் பிடிக்கிற மனுசன் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார்!"

"என்ன ஓப்பிரேசன் எண்டு..."

"சுவரில இவ்வளவு பெரிய படம் ஒட்டிக் கிடந்தது. எனக்குக் கண் தெரியும்."

வின்சென்ற் போர்வையைத் தாடை வரைக்கும் இழுத்தார்.

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வந்தீங்கள். ஒரு ஸ்னாப்பரை நீட்டினீங்கள். டவுப்போ ஏரியில பிடிச்சதாம்! ஏரியில கடல் மீன்! மன்னார்க்காரியிட்ட மீனில பொய் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்!"

"சறோ..."

"அதோட, நான் சொல்லி எதைக் கேட்டீங்கள்? சீனியைக் குறையுங்கோ எண்டன். கேட்டீங்களோ? நடவுங்கோ எண்டன். கேட்டீங்களோ? ஆரோ ஒரு ஆம்பிளை மிரட்டினாலாவது பயப்பிடுவீங்கள் எண்டு நினைச்சன்." அவள் போனைக் கைப்பைக்குள் திணித்தாள். "நீங்கள் விழேக்க... உண்மையாச் செத்துப் போனீங்கள் எண்டுதான் நான் நினைச்சன்."

வின்சென்ற் கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். மொப் பிடித்துக் காய்த்த கை. அவருடையதை விடக் கொஞ்சம் கூடுதலாகவே காய்த்திருந்தது.

"உனக்காகத்தான் சறோ செய்தனான்."

"எனக்காகவோ?"

"நீ தலகணியை எடுத்துக்கொண்டு போனாய். நான் ஆம்பிளையில்லை எண்டுதானே..."

சறோஜா அவரைப் பார்த்தாள். வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"அதுக்கோ நான் போனன்?!"

"பின்ன?"

"குறட்டைக்கப்பா! உங்கட குறட்டைக்கு!"

பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்த கிழவர், தமிழ் தெரியாமலே, இருமுவதை நிறுத்தினார்.

"நீ... நீ சொல்லேல்லையே!"

"சொன்னனே! 'எனக்கு நித்திரை காணாது' எண்டு! அதை விட எப்பிடிச் சொல்லுறது? தவிலோட வந்து சொல்லுறதோ?"

வின்சென்றுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. இழுத்தால் வலித்தது. வலித்தாலும் நிறுத்த முடியவில்லை.

சறோஜா காலடியில் இருந்த பையைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் போனில் சொல்லி எடுப்பித்தது. உள்ளேயிருந்து ஒரு தலையணை வந்தது.

அவளுடையது!

அதைத் தட்டினாள். அவர் தலைக்குக் கீழே வைத்தாள்.

"அப்ப... திரும்பி வாறியோ?" வின்சென்றின் கண் பளபளத்தது.

"வாறன். ஆறு கிழமை கழியட்டும். முதல்ல மூக்கு டொக்டரிட்டப் போறம்."

"மூக்கிலயும் வெட்டச் சொன்னால்?"

"வெட்டுங்கோ! ஆனா இனியாவது... எந்த இடத்தில வெட்டுறதெண்டு என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டுப் படுங்கோ!"